முதலாளியே இல்லாத தொழிலாளி... பெரியதாழை மீனவர்கள் உரிமையை யாரிடம் கேட்பது? - விரிவான விளக்கம்

மில்லில் சம்பளம் குறைந்தால் கேட்டை மறித்து உட்காரலாம். கம்பெனியில் பிரச்சினை என்றால் தொழிலாளர் நலத்துறைக்கு மனு போடலாம். ஆனால் விடியற்காலையில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும் மீனவர், வலை அறுந்து வெறுங்கையோடு திரும்பினால் யாரிடம் போய் நிற்பார்? அவருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி யார்?

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் பெரியதாழை போன்ற ஊர்களில் தொழிலாளர் உரிமை பற்றிப் பேசினால், முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான்.

சுருக்கமா சொன்னா:

• நாட்டுப்படகு மீனவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கிடைப்பது பங்கு மட்டுமே.

• அதனால் பெரும்பாலான தொழிலாளர் சட்டங்கள் அவரைத் தொடுவதே இல்லை.

• கடல் எல்லை, தடைக்காலம், நிவாரணம், நல வாரியம் என்று இன்று இருக்கும் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை, மீனவர்கள் அமைப்பாகத் திரண்டு கேட்டதன் தொடர்ச்சியாக வந்தவை.

• சட்டம் வந்த பிறகும் அதை அமல்படுத்த வைக்கும் வேலை கரையில் இருப்பவர்கள் தலையிலேயே விழுகிறது.

பெரியதாழை எங்கே இருக்கு?

மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவில், சாத்தான்குளம் தாலுகாவில் இருக்கும் கடற்கரை ஊர் பெரியதாழை. அதைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டம் வந்துவிடும். ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன மன்னார் வளைகுடாக் கரை இது. முத்துக்குளிப்பு நின்றுபோய் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இப்போது ஊரின் அடுப்பு எரிவது மீன்பிடித் தொழிலில்.

தூத்துக்குடி நகரில் இருப்பதுபோலப் பெரிய மீன்பிடித் துறைமுகமோ, வரிசையாக நிற்கும் விசைப்படகுகளோ இங்கே கிடையாது. ஃபைபர் படகு, வள்ளம் என்று சிறிய படகுகள்தான். நாலைந்து பேர் சேர்ந்து கரைக்குப் பக்கத்தில் வலை விரித்து, பெரும்பாலும் அன்றைக்கே திரும்பிவிடுவார்கள்.

பங்கு முறைன்னா என்ன?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரிந்துவிடும். ஒரு கணக்கைப் பார்ப்போம். இது புரிவதற்கான உதாரணம்தான். ஊருக்கு ஊர், படகுக்குப் படகு விகிதம் மாறும்.

ஒரு படகின் மீன் 10,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 4,000. மீதி 6,000. இதில் பாதி, அதாவது 3,000 ரூபாய் படகுக்கும் இன்ஜினுக்கும் வலைக்கும். மீதி 3,000 ரூபாயை 5 பேர் பிரித்தால் ஆளுக்கு 600.

அதே படகுக்கு மறுநாள் 4,000 ரூபாய்க்குத்தான் மீன் கிடைத்தால்? செலவுக்கே சரியாகிவிடும். ஆளுக்குப் பூஜ்யம். உழைத்த நேரம் என்னவோ அதேதான்.

படகுக்காரரும் பெரும்பாலும் அதே படகில் ஏறி வலை இழுப்பவர்தான். அவர் அண்ணனாக, மாமனாக, மச்சானாக இருப்பார். அவரை எதிர்த்துக் கொடி பிடிப்பதில் அர்த்தமில்லை. அவர் கையிலும் காசு இருக்காது.

இங்கதான் சிக்கலே. குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், போனஸ் என்று தொழிலாளர் சட்டங்கள் பேசும் விஷயங்களில் பெரும்பாலானவை ‘முதலாளி – தொழிலாளி’ என்ற உறவை வைத்து எழுதப்பட்டவை. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் சுயதொழில் செய்பவர்களுக்கும் சமூகப் பாதுகாப்பு பற்றிப் பேசும் பகுதி உண்டு. ஆனால் பங்கு பூஜ்யமான நாளில் குறைந்தபட்ச ஊதியத்தை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

இதே மாவட்டத்தில் 1908-ல் நடந்தது என்ன?

வித்தியாசம் புரிய, தூத்துக்குடி கோரல் மில் போராட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். 1908 பிப்ரவரி 27 அன்று அந்த நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறை இல்லாதது ஆகியவைதான் பிரச்சினை. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தலைமை தாங்கினார்கள். நகர மக்கள் பணமும் அரிசியும் கொடுத்து உதவினார்கள். மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. 50 சதவீதக் கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவற்றுக்கு ஒப்புக்கொண்டது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்க வெற்றிகளில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.

அந்த வெற்றிக்கு ஒரு எளிய கணக்கு இருந்தது. ஆலை நின்றால் நஷ்டம் முதலாளிக்கு. கேட்டுக்கு உள்ளே ஒருவர் இருந்தார், அவருக்கு வலித்தது, அவர் பேச வந்தார்.

வள்ளத்து மீனவர் கடலுக்குப் போகாமல் வேலைநிறுத்தம் செய்தால் யாருக்கு வலிக்கும்? முதலில் அவர் வீட்டு அடுப்புக்குத்தான். மீன் வியாபாரி வேறு ஊரில் வாங்கிக்கொள்வார். அதனால்தான் மீனவர் போராட்டம் என்றாலே சாலை மறியல், படகில் கருப்புக்கொடி, கலெக்டர் அலுவலக முற்றுகை, ஊர் முழுக்கக் குடும்பத்தோடு உண்ணாவிரதம் என்று நடக்கிறது. கோரிக்கை வைக்கும் இடம் அரசு. கேட்பது கூலியை அல்ல. கடலில் இடம், கரையில் விலை, விபத்து நடந்தால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

கடலில் சண்டை எப்படி ஆரம்பிச்சது?

1950-களில் இந்திய அரசு மீன்பிடித் தொழிலை நவீனமாக்கத் தொடங்கியது. நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தின் கொல்லம் பக்கம் நீண்டகரையில் நடந்த திட்டம் அதில் முக்கியமானது. 1960-களில் வெளிநாட்டுச் சந்தையில் இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது. உடனே இழுவலை போடும் விசைப்படகுகள் வேகமாகப் பெருகின.

இழுவலை கடலின் அடியைத் தடவிக்கொண்டே போகும். இறாலோடு சேர்த்து மீன் குஞ்சு, முட்டை, பாசி என்று எல்லாவற்றையும் அள்ளும். இறால் அதிகம் கிடைப்பது கரையோரத்தில். நாட்டுப்படகுக்காரர்கள் வலை விரித்திருப்பதும் அதே இடத்தில்தான். விசைப்படகு ஒருமுறை குறுக்கே போனால், பல ஆயிரம் ரூபாய் வலை சில நிமிடங்களில் கிழிந்துவிடும்.

1970-களில் கோவா, கேரளம், தமிழ்நாடு ஆகிய இடங்களில் கடலிலும் கரையிலும் மோதல்கள் வெடித்தன. படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. இந்தச் சூழலில்தான் 1978-ல் சென்னையில் பல மாநில மீனவர் அமைப்புகள் கூடி, கட்டுமர, நாட்டுப்படகு மீனவர்களின் உரிமைக்காக ஒரு தேசியக் கூட்டமைப்பை உருவாக்கின. கோவாவைச் சேர்ந்த மத்தானி சல்தானா அதன் முதல் தலைவர். கேரளத்தின் தாமஸ் கோச்சேரி பின்னாளில் அதன் முகமாக அறியப்பட்டார். இன்று அது தேசிய மீன்பிடித் தொழிலாளர் பேரவை. ஆங்கிலப் பெயரின் சுருக்கம் என்.எஃப்.எஃப்.

பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ‘மீனவர்’ என்பது போய் ‘மீன்பிடித் தொழிலாளர்’ என்று ஆனது. வலை இழுப்பவர், மீன் விற்கும் பெண், கருவாடு காயப்போடுபவர் எல்லோருமே தொழிலாளர்கள் என்பதுதான் அந்த மாற்றம் சொன்னது.

போராட்டத்தால என்ன கிடைச்சது?

முதல் பெரிய பலன், கடலில் எல்லை. மத்திய அரசு அமைத்த மஜும்தார் குழு மீன்பிடிப் பகுதிகளைப் பிரிப்பது பற்றி ஆராய்ந்தது. மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டம் அனுப்பப்பட்டது. கோவாவும் கேரளமும் 1980-ல் சட்டம் கொண்டுவந்தன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-ல் வந்தது.

கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். பின்னர் அது 5 கடல் மைலாக உயர்ந்தது. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆக, சுமார் 9 கிலோமீட்டர் தூரம் நாட்டுப்படகுகளுக்கான பகுதி.

தூத்துக்குடி விசைப்படகுகளுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். இரவில் நாட்டுப்படகுகள் வலை விரித்துக் காத்திருக்கும்போது விசைப்படகுகள் குறுக்கே வரக் கூடாது என்பதற்குத்தான் இது பயன்படுகிறது. வடக்கே பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று பிரித்துக்கொண்டதும் இப்படி மோதலுக்குப் பிறகு பிறந்த ஏற்பாடுதான்.

இரண்டாவது பலன், தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் இழுவலையை நிறுத்த வேண்டும் என்பது நாட்டுப்படகு மீனவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. கேரளத்தில் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1988-ல் மழைக்கால இழுவலைத் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாட்களாக ஆனது. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது.

மூன்றாவது, ஆழ்கடல். 1991-ல் வெளிநாட்டுக் கூட்டு நிறுவனங்களின் பெரிய கப்பல்களை ஆழ்கடலில் மீன் பிடிக்க விடும் கொள்கையை மத்திய அரசு கொண்டுவந்தது. 1994 நவம்பரில் நாடு தழுவிய மீனவர் வேலைநிறுத்தம் நடந்தது. இந்த முறை நாட்டுப்படகு, விசைப்படகு இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நின்றன. 1995-ல் முராரி குழு அமைக்கப்பட்டது. அந்த உரிமங்களை ரத்து செய்யச் சொல்லி 1996-ல் அது அறிக்கை கொடுத்தது. அரசும் பின்வாங்கியது.

இதில் எதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1989-ல் நீரையும் வாழ்வையும் காக்கச் சொல்லிக் கிழக்குக் கரை, மேற்குக் கரை இரண்டின் வழியாகவும் மீனவர் பேரணிகள் கன்னியாகுமரிக்கு வந்தன. மே 1 அன்று அங்கே நடந்த கூட்டம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது.

சட்டம் இருக்கே, அப்புறம் ஏன் பிரச்சினை?

கடலில் கோடு போட முடியாது. 5 கடல் மைல் எல்லைக்குள் விசைப்படகு வந்தது என்று நிரூபிப்பது யார்? மீன்வளத்துறைக்குக் கடல் அமலாக்கப் பிரிவு இருக்கிறது. ஆனால் நீண்ட கடற்கரை முழுவதையும் எல்லா இரவும் கண்காணிக்கப் படகும் ஆளும் வேண்டும். வலை கிழிந்தவர் இருட்டில் படகின் நம்பரைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது போன் வீடியோ எடுத்திருக்க வேண்டும். படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர் கருவி, புயல் எச்சரிக்கையைக் கொண்டுபோவதோடு படகு எங்கே இருந்தது என்பதையும் சொல்லிவிடும். எல்லாப் படகிலும் பொருத்தி, எந்நேரமும் ஆன் செய்து வைத்திருந்தால்தான் அது சாட்சியாகும்.

இன்னொரு சிக்கல், தடை செய்யப்பட்ட வலைகள். இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி, மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி ஆகிய இரண்டையும் தமிழ்நாடு 2000-ல் தடை செய்தது. சுருக்குமடி மீனவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய 2 நாட்கள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 மணி வரை, கண்காணிப்புக் கருவியோடு பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது. 12 கடல் மைலுக்கு உள்ளே அந்த வலை விழுகிறதா என்பதை யார் பார்ப்பது என்று நாட்டுப்படகு மீனவர்கள் கேட்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. விசைப்படகில் வேலை செய்பவர்களும் கூலிக்காரர்கள்தான். பலர் இதே கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள். படகு உரிமையாளர்களுக்கும் டீசல் விலை, வங்கிக் கடன் என்று நெருக்கடி உண்டு. கரையோரத்தில் மீன் குறைந்தால் இரு தரப்பும்தான் அடி வாங்கும்.

கரைக்கு வந்த மீனுக்கு விலை வைப்பது யார்?

கடலில் சண்டை முடிந்தால் கரையில் அடுத்தது தொடங்கும். படகு, இன்ஜின், வலை வாங்க வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்காத மீனவர், வியாபாரியிடமோ ஏலக்காரரிடமோ முன்பணம் வாங்குகிறார். வட்டி இல்லை என்பார்கள். ஆனால் கடன் தீரும்வரை மீனை அவரிடம்தான் போட வேண்டும். அதற்குக் கமிஷன் உண்டு. விலையும் சில நேரம் குறையும்.

மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் மீனுக்கு 10 சதவீதம் கமிஷன் போனால் கைக்கு வருவது 9,000. செலவு 4,000 போக 5,000. படகுக்குப் பாதி போக, 2,500 ரூபாயை 5 பேர் பிரித்தால் ஆளுக்கு 500. முன்பு 600. கமிஷன் 10 சதவீதம்தான், ஆனால் தொழிலாளியின் பங்கில் குறைந்தது ஏறத்தாழ 17 சதவீதம். மொத்த விற்பனையில் கை வைத்தால், அடி விழுவது கடைசியில் நிற்பவர் மேல்.

இதற்கும் மீனவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் மரியநாடு என்ற ஊரில், 1960-களின் கடைசியில் மீனவர்கள் சொந்தமாகச் சங்கம் வைத்துத் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட ஆரம்பித்தார்கள். வியாபாரிகள் வரலாம், வாங்கலாம். ஆனால் ஏலம் விடுபவர் சங்கத்தின் ஆள். விற்பனையில் ஒரு சிறு பகுதி சேமிப்பாகவும், ஒரு பகுதி கடன் தவணையாகவும் பிடிக்கப்படும். மீன் நிறைய கிடைத்த நாளில் அதிகம் கட்டலாம், கிடைக்காத நாளில் கட்ட வேண்டாம். மாதத் தவணை என்ற கழுத்துப்பிடி இல்லை.

அந்த மாதிரி ஊர் ஊராகப் பரவி, 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. ‘சிஃப்ஸ்’ என்றால் கடற்கரையில் பலருக்கும் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் இந்தச் சங்கங்கள் வேர் பிடித்தன. மீனவர் கையில் முதல் ஏலம் வந்தால் விலை, கடன், சேமிப்பு மூன்றும் அவர் பக்கம் வரும் என்பதுதான் இதன் அடிப்படை.

பெண்கள் எங்கே?

மீனவர் என்றால் படகில் இருக்கும் ஆண் மட்டுமே நினைவுக்கு வருகிறார். ஆனால் மீனைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்பது, கருவாடு போடுவது, வட்டிக்குப் பணம் புரட்டுவது, பிள்ளைகளைப் படிக்க வைப்பது எல்லாம் பெண்கள்தான். அவர்களுடைய உரிமைப் போராட்டம் பெரும்பாலும் பஸ்ஸில் ஆரம்பிக்கிறது.

மீன் கூடையோடு பஸ்ஸில் ஏற்ற மறுத்ததை எதிர்த்துத் திருவனந்தபுரம் பகுதிப் பெண்கள் திரண்டு, தங்களுக்கென்று தனிப் பேருந்து வசதியைப் பெற்றார்கள். அது 1980-களின் கதை. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த வயதான பெண்ணை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்தில் இருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்திலேயே நின்று நியாயம் கேட்ட வீடியோ பரவியது. முதலமைச்சர் கண்டித்தார். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

இதே மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் மாவட்டத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கும் பெண்களின் கதை இன்னும் சுவாரசியமானது. தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதும் அவர்களுக்குத் தடையும் அபராதமும் வந்தன. பெண்கள் ஊர் ஊராகக் கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்போம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டு, அதைக் காட்டி அரசிடம் உரிமையும் அடையாள அட்டையும் கேட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

அரசு உதவி என்னென்ன இருக்கு?

மீனவர் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய முக்கியமானவை இவை:

• நல வாரியம்: தமிழ்நாடு மீனவர் நல வாரியம் 2007-ல் சட்டத்தின் மூலம் வந்தது. மீன் பிடிப்பவர்களோடு, மீன் சார்ந்த தொழில் செய்பவர்களும் உறுப்பினர் ஆகலாம். விபத்து, கல்வி, திருமணம் போன்றவற்றுக்கு உதவி உண்டு. உறுப்பினர் பதிவு இல்லாவிட்டால் எதுவும் கிடைக்காது.

• தடைக்கால நிவாரணம்: குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

• சேமிப்பு – நிவாரணத் திட்டம்: மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால், அரசு 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும். மீனவப் பெண்களுக்கும் இந்தத் திட்டம் உண்டு.

• விபத்துக் காப்பீடு: பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை.

8,000 ரூபாயை 61 நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இது போதுமா என்பதுதான் ஒவ்வொரு ஏப்ரலிலும் எழும் கேள்வி.

ஒக்கி புயல் சொன்ன பாடம்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது, எச்சரிக்கை போய்ச் சேராத ஏராளமான படகுகள் ஆழ்கடலில் இருந்தன. தேடுதல் மெதுவாக நடக்கிறது என்று டிசம்பர் 7 அன்று கன்னியாகுமரி மாவட்ட மீனவர் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. இரவாகியும் கலையவில்லை. அடுத்த சில நாட்களில் முதலமைச்சர் நேரில் வந்தார். இறந்தவர் குடும்பத்துக்கான நிவாரணம் 20 லட்சம் ரூபாயாக அறிவிக்கப்பட்டது.

அந்தக் குடும்பங்களுக்குப் பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு ஒன்று இருந்தது. உடல் கிடைக்காதவரை, காணாமல் போனவர் இறந்ததாகக் கருதப்படச் சட்டப்படி 7 ஆண்டுகள் ஆக வேண்டும். 7 ஆண்டுகள் அந்த மனைவி எப்படிக் குடும்பம் நடத்துவார்? மாத வருமானச் சான்று இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, கடலுக்குப் போனார் என்பதற்குச் சாட்சியே கூட இல்லாத நிலை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்ற பட்டியலை ஊர் ஊராகத் தயாரித்தது பங்குகளும் மீனவர் அமைப்புகளும்தான். கடலுக்குப் போகும்போது பெயர் பதிவது, உறுப்பினர் அட்டை வைத்திருப்பது ஆகியவை வெறும் காகித வேலை இல்லை என்பதைக் கடற்கரை அன்று கற்றுக்கொண்டது.

பெரியதாழை கேட்பது என்ன?

இந்த ஊரின் தினசரிப் பயம் கடலுக்கு நடுவில் மட்டும் இல்லை. கரையிலும் இருக்கிறது. துறைமுகம் இல்லாத ஊரில் படகை இறக்குவதும் ஏற்றுவதும் அலை உடையும் இடத்தில்தான். ஒரு அலை தவறினால் படகு கவிழும், இன்ஜின் போகும், ஆளும் போகலாம். கடல் அரிப்பால் படகு நிறுத்தும் மணலும் சுருங்குகிறது. அதனால்தான் தூண்டில் வளைவு வேண்டும் என்று ஊர் கேட்டது. கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் தடுப்புதான் தூண்டில் வளைவு. அது வந்த பிறகும், நீளம் போதாது, நீட்டித்துத் தர வேண்டும் என்று மீனவர்கள் தொடர்ந்து கோரினார்கள்.

இதில் ஒரு நியாயமான எச்சரிக்கையும் உண்டு. கரையோரமாக நகரும் மணலைத் தூண்டில் வளைவு ஒரு பக்கம் தடுத்து நிறுத்தும். மறுபக்கம் மணல் வராமல் அரிப்பு கூடும். ஒரு ஊரைக் காப்பாற்றக் கட்டியது பக்கத்து ஊரைக் கரைத்துவிடலாம். பிறகு அந்த ஊரும் கேட்கும். ஆக, ஊர் ஊராகக் கட்டிக்கொண்டே போவதைவிட, முழுக் கடற்கரைக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும் என்கிறார்கள் கடற்கரை ஆய்வாளர்கள். அந்தத் திட்டம் வரும்வரை தினமும் அலையைத் தாண்ட வேண்டியவர் காத்திருக்க முடியாது என்பது ஊரின் பதில்.

உலக அளவில் என்ன நிலை?

1997 நவம்பர் 21 அன்று டெல்லியில் பல நாட்டு மீன்பிடித் தொழிலாளர்கள் கூடி ஒரு உலக அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த நாள்தான் உலக மீன்வள தினம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-ல் மீன்பிடி வேலைக்கென்று 188-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. ஓய்வு நேரம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், மருத்துவ வசதி போன்றவற்றை அது பேசுகிறது. 2017-ல் அமலுக்கு வந்தது. ஆசியாவில் முதலில் 2019-ல் தாய்லாந்து ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

2014-ல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு, சிறு மீனவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்களில் ஒருவர் சென்னையில் இருந்து இயங்கிய சந்திரிகா சர்மா. அந்த ஆண்டு மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானத்தில் அவர் இருந்தார். அந்த நெறிகள் அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டுள்ளன. ஆனால் அவை சட்டம் இல்லை. நாடுகள் விரும்பினால் பின்பற்றலாம், அவ்வளவுதான்.

அடுத்து கவனிக்க வேண்டியது என்ன?

பெரியதாழையில் இருந்து பார்த்தால் கேள்விகள் 4.

• 5 கடல் மைல் எல்லை மீறலுக்கு டிரான்ஸ்பாண்டர் பதிவே சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படுமா?

• முதல் ஏலத்தை மீனவர் சங்கங்கள் நடத்தவும், முன்பணத்துக்குப் பதில் வங்கிக் கடன் கிடைக்கவும் வழி வருமா?

• மீன் விற்கும், கருவாடு போடும் பெண்கள் எல்லோருடைய பெயரும் நல வாரியப் பட்டியலில் ஏறுமா?

• தூண்டில் வளைவு முடிவுகளைப் பக்கத்து ஊர்களையும் உட்கார வைத்துப் பேசி எடுப்பார்களா?

கோரல் மில் தொழிலாளர்களுக்கு 9 நாட்களுக்குள் பதில் கிடைத்தது. பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடற்கரையில் அந்தப் பொறுப்பு மீன்வளத்துறை, வங்கி, வியாபாரி, பொதுப்பணித்துறை, நீதிமன்றம் என்று சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் இங்கே ஊர்க் கமிட்டியும் சங்கமும் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மறுபடி மறுபடி மனுவோடு போகிறார்கள். ஒரு மீனவர் தனியாகப் போனால் அது ஒரு கிழிந்த வலை பற்றிய புகார். ஊரே சேர்ந்து போனால்தான் அது சட்டத்தை அமல்படுத்தச் சொல்லும் கோரிக்கை ஆகிறது.